மலக்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திரமும் தாம்பத்தியமும்: முதல் ஒரு வருடத்துக்கு ஒரு வழிகாட்டி

மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கிறவர் முதலில் கேட்பது, "கட்டியை முழுசா எடுத்தாச்சா சிஸ்டர்?" அடுத்தது, மலம் சேர வயிற்றில் ஒட்டியிருக்கும் பையைப் பற்றி, "வயித்துல இருக்கிற பை நிரந்தரமா?" மூத்திரத்தைப் பற்றிய கேள்வி, குழாயை எடுத்த பிறகுதான் வரும். தாம்பத்தியத்தைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போய், மனைவியை ஆட்டோ பிடிக்க அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பெண்கள் அப்படிக்கூடத் திரும்பி வருவதில்லை.

அறுவைச் சிகிச்சை வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். உங்களுக்கோ, வீட்டில் ஒருவருக்கோ ஆபரேஷன் தேதி குறித்திருந்தாலும், அண்மையில் முடிந்திருந்தாலும் இது உங்களுக்கானது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திரம் சரியாக வராததும், உறவில் உடல் ஒத்துழைக்காததும் நரம்பு சம்பந்தப்பட்ட விஷயம். வயதானதால் வந்ததும் இல்லை, ஆண்மை போய்விட்டதும் இல்லை, புற்றுநோய் திரும்பிவிட்டதற்கான அடையாளமும் இல்லை. நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும். அது தேறும் வரை மூத்திரப்பையும் மற்ற உறுப்புகளும் கெட்டுப்போகாமல் காப்பதுதான் நம் வேலை.

குடலில் கை வைத்தால் மூத்திரம் ஏன் கெட வேண்டும்?

மலக்குடல் 12 முதல் 15 செ.மீ. நீளம்தான். ஆனால் அது இருக்கும் இடம் இடுப்பெலும்புக்குள் ஒரு குறுகலான கிண்ணம். ஆண்களுக்கு அதன் முன்னால் மூத்திரப்பையும் புராஸ்டேட் சுரப்பியும், பெண்களுக்குக் கர்ப்பப்பையும் பிறப்புறுப்பும் ஒட்டினாற்போல இருக்கின்றன. இந்த உறுப்புகளுக்கெல்லாம் போகும் நரம்புகள் மலக்குடலின் பின்புறமும் இரு பக்கமும் ஓடுகின்றன.

அவற்றை இரண்டு கூட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து இறங்கி வருவது. மூத்திரத்தைப் பிடித்து வைப்பதும், ஆண்களுக்கு விந்து வெளியேறும் நேரத்தில் மூத்திரப்பையின் வாயை மூடுவதும் அதன் வேலை. மற்றொன்று, இடுப்புக்குப் பின்னால் உள்ள திருவெலும்பின் 2, 3, 4ஆம் துளைகளிலிருந்து வருவது. மூத்திரப்பையைச் சுருக்கி வெளியே தள்ளுவதும், ஆணுறுப்பு விறைப்பதும், பெண்ணுறுப்பில் ஈரம் சுரப்பதும் இதனால்தான். மூன்றாவதாகத் தொடு உணர்ச்சிக்கென்று தனி நரம்பு உண்டு. அது ஆபரேஷன் நடக்கும் இடத்துக்கு வெளியே, சற்றுத் தள்ளி ஓடுகிறது. அதனால் விறைப்பு குறைந்தவருக்கும் தொடு உணர்ச்சியும் உச்ச இன்பமும் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். இதைச் சொன்னதும் முகம் மாறியவர்கள் உண்டு.

1982இல் பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒரு முறையை விவரித்தார். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை அதன் மெல்லிய உறை கிழியாமல், கண்ணால் பார்த்தபடியே நறுக்கென்று பிரித்து, முழுப் பொதியாக எடுப்பது. அதற்கு முன் கையை உள்ளே விட்டு அனுமானத்தில் பிரித்தெடுப்பதே வழக்கமாக இருந்தது. நரம்புகள் அந்த உறைக்குச் சற்று வெளியே இருப்பதால், புது முறையில் கட்டி திரும்ப வருவதும் குறைந்தது, நரம்பும் பிழைத்தது. இன்று உலகெங்கும் செய்வது இதைத்தான். அப்படியும் கட்டி ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருந்தால், ஆணின் இடுப்பு குறுகலாக இருந்தால், கட்டி நரம்பு வரை போயிருந்தால், ஆசனவாயையும் சேர்த்து எடுக்க வேண்டி வந்தால் நரம்புக்கு ஆபத்து கூடும். சர்க்கரை நோயோ, முன்பே புராஸ்டேட் வீக்கமோ இருந்தாலும் அப்படித்தான்.

கதிர்வீச்சு இன்னொரு காரணம். 5 நாளில் 25 கிரே (கதிரின் அளவு) கொடுக்கும் முறையானாலும், மாத்திரையோடு சேர்த்து 5, 6 வாரம் கொடுக்கும் முறையானாலும், அதன் பாதிப்பு உடனே முழுதாகத் தெரியாது. சிறு ரத்தக் குழாய்கள் மெல்ல இறுகுவதால் மாதங்கள், வருடங்கள் கழித்தும் தெரியலாம்.

நரம்பு அறுபடுவது வேறு, கன்றிப்போவது வேறு. ஆபரேஷனில் இழுபட்டோ சூடுபட்டோ கன்றிப்போன நரம்பு பிழைத்துக்கொள்ளும். முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் 6 முதல் 12 மாதத்துக்குள் தெரியும். சிலருக்கு 2 வருடம் வரைகூட மெல்ல மெல்லத் திரும்புகிறது.

ஆபரேஷனுக்கு முன்பே செய்ய வேண்டியவை

ஒரு தாளில் இன்றைய நிலையை எழுதுங்கள். பகலில் எத்தனை முறை, இரவில் எத்தனை முறை மூத்திரம் போகிறீர்கள், முக்க வேண்டியிருக்கிறதா, சொட்டுகிறதா, உறவு எப்படி இருக்கிறது, வலி உண்டா? தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது மாறினால், எது முன்பே இருந்தது, எது புதிது என்று மருத்துவருக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று கிடையாது.

அடுத்து, உங்கள் சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: "என் கட்டி இருக்கும் இடத்துக்கு நரம்பைக் காப்பாற்ற முடியுமா? எந்தப் பக்க நரம்பு ஆபத்தில் இருக்கிறது?" ஆபரேஷன் முடிந்த பிறகு, "நரம்பு தெரிந்ததா? இரண்டு பக்கமும் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். பின்னால் சிகிச்சை தரப்போகும் யூராலஜி (மூத்திர உறுப்புகளுக்கான) மருத்துவருக்கு அந்தப் பதில் பெரிய உதவி. கேட்கத் தயக்கமாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். கனடாவின் டொராண்டோவில் நடந்து, 2005இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் உறவைப் பற்றி யாராவது பேசினார்களா என்று நோயாளிகளைக் கேட்டார்கள். பேசியது நினைவிருக்கிறது என்றவர்கள் ஆண்களில் 39 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். அந்த ஊரிலேயே அப்படி என்றால், வாய்விட்டுக் கேட்க வேண்டிய பொறுப்பு நம்மிடம்தான் வந்து நிற்கிறது.

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள் கதிர்வீச்சும் கீமோவும் தொடங்குவதற்கு முன்பே பேசியாக வேண்டும். ஆண்கள் விந்தை உறைநிலையில் சேமிக்கலாம். ஓரிரு நாளில் முடிகிற வேலை. பெண்களுக்குக் கருமுட்டையோ கருவோ சேமிக்க இரண்டு வாரம் போலத் தேவைப்படும். சினைப்பையைக் கதிர் படாத உயரத்துக்கு நகர்த்தி வைக்கும் சிறு ஆபரேஷனும் உண்டு. ஆனால் கர்ப்பப்பையை நகர்த்துவது வழக்கமாகச் செய்வதில்லை. முழு அளவு கதிர் பட்ட கர்ப்பப்பையில் கரு தங்குவது கடினம். இதையும் மருத்துவர் சொல்வார் என்று காத்திருக்காமல் கேட்டுவிடுங்கள். "இன்னும் கல்யாணமே ஆகலையே, இதை எப்படிக் கேட்பது" என்று 24 வயதுப் பையனின் அம்மா தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கல்யாணம் ஆகாதவருக்குத்தான் இது இன்னும் அவசியம்.

குழாயை எடுக்கும் நாள்

ஆபரேஷன் மேசையிலேயே மூத்திரக் குழாய் போட்டுவிடுவார்கள். கட்டி உயரத்தில் இருந்தவர்களுக்கு அதை ஓரிரு நாளில் எடுத்துவிடலாம். மிகத் தாழ்வான கட்டி என்றால் இன்னும் சில நாள் வைத்திருப்பார்கள். எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 6 மணி நேரத்துக்குள் நீங்களாகவே மூத்திரம் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் நர்ஸிடம் சொல்லுங்கள்.

வலி இல்லாவிட்டாலும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நரம்பு கன்றியிருக்கும்போது மூத்திரப்பை நிரம்பிய உணர்ச்சியே வராமல் போகலாம். சாதாரணமாக 400, 500 மி.லி. சேர்ந்தாலே நமக்கு முட்டும். உணர்ச்சி இல்லாதவருக்கு ஒரு லிட்டர் சேர்ந்தும் ஒன்றும் தெரியாது. அப்புறம் நிரம்பிய குடத்திலிருந்து வழிவதுபோலச் சொட்டுச் சொட்டாக வழியும். வீட்டில் பார்ப்பவர்கள், "அடைப்பு எதுவும் இல்லையே, நல்லாத்தான் போகுது, அடக்கத்தான் முடியல" என்று நினைத்துவிடுவார்கள். அது நல்லா போவது இல்லை, வழிவது.

நான் வேலை பார்த்த ஒரு வார்டில் இப்படி ஒருவரைத் தவறவிட்டோம். குழாய் எடுத்த அன்று இரண்டு முறை போனார் என்று சீட்டில் எழுதியிருந்தது. எவ்வளவு போனார் என்று யாரும் அளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து வயிறு வீங்கி, குளிர்க்காய்ச்சலோடு திரும்பி வந்தார். குழாய் போட்டதும் வந்த மூத்திரத்தைப் பார்த்து அவர் மகள் அழுதுவிட்டாள். நாள் முழுக்கத் துணியை மாற்றிக்கொண்டே இருந்தவள் அவள். அளவுக்கு மீறி விரிந்த மூத்திரப்பையின் தசை தளர்ந்துவிடும். நரம்பு திரும்பினாலும் சுருக்க வலு இருக்காது. தேங்கிய நீர் மேலே ஏறிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அவருக்குச் சரியாக மாதக்கணக்காயிற்று. அன்றிலிருந்து எத்தனை முறை என்று கேட்பதை விட்டுவிட்டேன். எத்தனை மி.லி. என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே குழாய் எடுத்த நாளில் ஒவ்வொரு முறையும் அளவு ஜாடியில் பிடித்துப் பாருங்கள். போய் முடித்த உடனே வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்து உள்ளே மிச்சம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊசி, வலி எதுவும் கிடையாது. 50 மி.லி.க்குள் இருந்தால் நல்லது, 100 வரை கவலை இல்லை. 200-ஐத் தாண்டினால் அப்படியே வீட்டுக்குப் போகக் கூடாது. மறுபடி சில நாள் குழாய் வைப்பார்கள், அல்லது நீங்களே குழாய் விட்டு எடுக்கக் கற்றுத் தருவார்கள். குழாயோடு வீட்டுக்குப் போக வேண்டி வந்தால் மனம் உடைய வேண்டாம். ஓரிரு வாரத்தில் எடுத்துப் பார்த்தால் பலருக்கு இரண்டாவது முறை சரியாகிவிடுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் ஒரு நோட்டு. மூன்று நாளுக்கு, குடித்த நேரம், அளவு, போன நேரம், அளவு, கசிந்ததா என்று எழுதுங்கள். வீட்டு டம்ளர் எத்தனை மி.லி. என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். பத்து நிமிடப் பேச்சில் புரியாதது இந்த மூன்று பக்கத்தில் மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

முட்டும் வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்து 3 மணி நேரத்துக்கு ஒரு முறை போங்கள். ஆண்களும் உட்கார்ந்தே போங்கள், இடுப்புத் தசை தளர்ந்து நீர் சீராக வரும். முடிந்ததும் எழாமல், ஓரிரு நிமிடம் இருந்து, சற்று முன்னால் குனிந்து மறுபடி முயலுங்கள். இரண்டாவது தவணையில் வரும் நீர் சிலருக்கு ஆச்சரியமான அளவு இருக்கும். வயிற்றை அழுத்தி முக்கவே வேண்டாம். அடிவயிற்றுத் தையலுக்கும், ஸ்டோமாவை (பை ஒட்டுவதற்காகக் குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்த வாய்) சுற்றிக் குடலிறக்கம் வராமல் இருப்பதற்கும் அது கெடுதல்.

மூத்திரத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது எல்லோரும் செய்கிற தவறு. அடர்ந்த மூத்திரம் எரிச்சலையும் கிருமியையும்தான் கொண்டுவரும். இதயமோ சிறுநீரகமோ காரணமாகத் தடை இல்லையென்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் நீர் வேண்டும். பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்குள் குடித்துவிட்டால் ராத்திரி எழுவது குறையும். சிறுகுடலைப் பையில் விட்டிருப்பவர்களுக்கு உப்பும் நீரும் அதிகம் போகும். அவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல், உப்புச் சர்க்கரைக் கரைசல், உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர் என்று தங்கள் மருத்துவக் குழு சொன்ன அளவில் எடுக்க வேண்டும். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள். அவசரமும் கசிவும் குறையலாம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளில் மூத்திரத்தைத் தேக்கி வைப்பவை உண்டு. நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலினும், கடுமையான வலி மாத்திரைகளும் அப்படியே. புதிதாக எதைத் தொடங்கினாலும் "எனக்கு மூத்திரம் தேங்கும் பிரச்சினை இருக்கு" என்று சொல்லுங்கள். மூத்திரப்பையின் வாய் தளர டாம்சுலோசின் தந்திருந்தால், இரவு போட்டுவிட்டுப் படுங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

நீங்களே குழாய் விட்டு எடுப்பது

இதைச் சொன்னதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஒரு வாரத்தில் பல் துலக்குவதுபோல ஆகிவிடும் என்று நான் சொன்னால் முதல் நாள் யாரும் நம்பியதில்லை. அமெரிக்காவில் ஜாக் லாப்பிடெஸ் என்ற மருத்துவர் 1972இல் இதை முன்வைத்தபோது மற்ற மருத்துவர்களே நம்பவில்லை. கிருமி நீக்கிய கையுறையும் ஆபரேஷன் தியேட்டர் சுத்தமும் வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும், முக்கியம் மூத்திரம் தேங்காமல் பார்ப்பதுதான் என்றார் அவர். அவர் சொன்னதே இன்றைக்கு நடைமுறை.

கையை நன்றாகக் கழுவுங்கள். உறுப்பை முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். குழாயின் நுனியில் ஜெல்லி தாராளமாகத் தடவுங்கள். ஆண்கள் உறுப்பை மேல்நோக்கிப் பிடித்து, அவசரமில்லாமல் உள்ளே விட வேண்டும். புராஸ்டேட் பக்கத்தில் சற்றுத் தடுக்கும். மூச்சை மெல்ல விட்டால் தசை தளர்ந்து வழிவிடும், முரட்டுத்தனமாகத் தள்ளக் கூடாது. பெண்கள் முதல் சில நாள் கண்ணாடி வைத்துக்கொண்டு துவாரத்தைப் பார்த்துப் பழகலாம். பிறகு விரலே வழி சொல்லிவிடும். நீர் வரத் தொடங்கியதும் இன்னும் 2 செ.மீ. உள்ளே விட்டு, முழுதும் வடியும் வரை காத்திருந்து, மெதுவாக வெளியே எடுங்கள்.

ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை, ஒவ்வொரு முறையும் 400, 500 மி.லி.யைத் தாண்டாதபடி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் புதுக் குழாய்தான் நல்லது. கட்டுப்படியாகாது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கழுவி, காயவைத்து எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்று வார்டிலேயே சொல்லித் தருவார்கள். நீங்களாகப் போகும் அளவு கூடக் கூட, குழாயில் வரும் அளவு குறையும். அது தொடர்ந்து 100 மி.லி.க்குக் கீழே வந்துவிட்டால், நிறுத்திப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நோட்டில் அந்த எண் 300, 220, 150 என்று இறங்குவதைப் பார்க்கும் நாள் வரும். அதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டியவர்களை மறக்கவே முடியாது.

கசிவுதான் பிரச்சினை என்றால் இடுப்புத் தளத் தசைக்கான பயிற்சி உதவும். மூத்திரத்தையும் காற்றையும் அடக்குவதுபோல உள்ளிழுத்து, 5 விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சரிபார்த்தால் நல்லது, ஏனெனில் பலர் வயிற்றைத்தான் இறுக்குகிறார்கள். கசிவு தேங்கி வழிவதால் வருகிறதா, தசை தளர்ந்ததால் வருகிறதா என்று ஸ்கேன் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள். நெதர்லாந்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஆபரேஷன் ஆகி வருடங்கள் கழித்தும் 38 சதவீதம் பேருக்குக் கசிவும், 31 சதவீதம் பேருக்கு முழுதாகப் போக முடியாத சிரமமும் இருந்தன. உங்களுக்கு மட்டும் இப்படி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 6 மாதத்துக்கு மேல் நீடித்தால், மூத்திரப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை தேவைப்படலாம்.

மூத்திரம் அறவே வராமல் அடிவயிறு வீங்கினால், குளிரோடு காய்ச்சல் வந்தால், விலாப்புறம் வலித்தால், கட்டி கட்டியாக ரத்தம் போனால், மூத்திரத்தோடு காற்றோ மலமோ வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வெந்தயம், பார்லி என்று வீட்டு வைத்தியம் பார்க்கும் நேரம் அது இல்லை.

எப்போது உறவைத் தொடங்கலாம்?

வயிற்றுக் காயத்துக்கு 6 முதல் 8 வாரம் என்பது பொதுக் கணக்கு. ஆசனவாயை எடுத்துத் தைத்தவர்களுக்கு அந்தத் தையல் ஆற இன்னும் நாளாகலாம். சர்ஜன் பார்த்துச் சரி என்ற பிறகே தொடங்குங்கள். கீமோ நடக்கும்போது கருத்தடை கட்டாயம், ஆணுக்கு நடந்தாலும் பெண்ணுக்கு நடந்தாலும். மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு உண்டாகலாம். மருந்து ஏறிய பின் சில நாள் ஆணுறை அணிவது துணைக்கும் பாதுகாப்பு. கீமோ முடிந்து எத்தனை மாதம் வரை கருத்தடை தொடர வேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆண்களுக்கு

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் வரலாம். ஒன்று, உச்ச இன்பம் வந்தும் விந்து வெளிவராதது. மூத்திரப்பையின் வாய் மூடாததால் விந்து பின்வழியாகப் பைக்குள் போய், பிறகு மூத்திரத்தோடு கலங்கலாக வரும். சிலருக்குச் சுரப்பே நின்றுவிடும். உடலுக்கு எந்தக் கேடும் இல்லை. "சக்தி உள்ளேயே தங்கி உடம்பு கெடும்" என்பது வீண் பயம். குழந்தை வேண்டும் என்றால் மட்டும் இதற்கு வழி தேட வேண்டும். விரையிலிருந்து ஊசி மூலம் உயிரணுவை எடுக்கும் வழியும் இருக்கிறது.

மற்றொன்று, விறைப்பு குறைவது. அதிகாலையில் தானாக விறைக்கிறதா என்று கவனியுங்கள். கொஞ்சமாவது இருந்தால் நரம்பு வேலை செய்கிறது என்று பொருள். இல்லாவிட்டாலும் முதல் மாதங்களில் முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் வருடம் முழுக்கச் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். ரத்தம் நிறைந்து விரியாமலே இருக்கும் தசை மெல்ல இறுகிவிடும் என்பதால், பல யூராலஜி மருத்துவர்கள் காயம் ஆறியதுமே மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்த மாத்திரை சில்டெனாஃபில் அல்லது டாடாலாஃபில். 2002இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், மலக்குடல் எடுத்தபின் விறைப்பு குறைந்தவர்கள் 32 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு வெளியானது. சில்டெனாஃபில் எடுத்த 14 பேரில் 11 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்த 18 பேரில் 3 பேருக்குத்தான். சிறிய ஆய்வுதான், ஆனால் நம்பிக்கை தருகிறது. சில்டெனாஃபிலை உறவுக்கு ஒரு மணி நேரம் முன், பிரியாணி போன்ற கொழுப்பு உணவு சாப்பிடாமல் போட வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுச் சும்மா படுத்திருந்தால் ஒன்றும் நடக்காது. தொடுதலும் ஆசையும் இருந்தால்தான் அது வேலை செய்யும். முதல் முறை பலிக்கவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். அளவை மாற்றிப் பல முறை முயன்ற பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கையை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டோ, வேறு நைட்ரேட் மருந்தோ எடுப்பவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். டாம்சுலோசின் எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெட்கப்பட்டு மருத்துவரிடம் போகாதவர்கள், மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களிடமும், ராத்திரி டிவி விளம்பரத்தில் வரும் லேகியத்திடமும் போய்ச் சேர்கிறார்கள். மூலிகை என்று விற்கும் இத்தகைய பொடிகளில் சில்டெனாஃபிலையே கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்திருக்கின்றன. அளவும் தெரியாது, நைட்ரேட் எடுப்பவரா என்று கேட்பாரும் இல்லை. கீமோ நடக்கும்போது அதில் வேறு என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஆயிரக்கணக்கில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் அதையும் வீட்டில் சொல்ல முடியாமல் தவிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

மாத்திரை பலிக்காவிட்டாலும் வழி இருக்கிறது. காற்றை உறிஞ்சி ரத்தத்தை வரவழைக்கும் வேக்குவம் கருவி ஒன்று. அதன் வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் மாட்டியிருக்கக் கூடாது. உறுப்பின் பக்கவாட்டில் போடும் ஊசி மற்றொன்று. மெல்லிய ஊசி, பயந்த அளவுக்கு வலிக்காது. ஆனால் விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்கவில்லை என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நரம்பு முழுதும் போனவர்களுக்கும் இந்த இரண்டும் பலிக்கும், ஏனெனில் இவற்றுக்கு நரம்பின் தயவு தேவையில்லை. கடைசியாக, உள்ளே பொருத்தும் இம்பிளான்ட் ஆபரேஷன்.

பெண்களுக்கு

பெண்கள் பகுதியைக் கடைசியில் இரண்டு வரியில் முடிப்பதுதான் வழக்கம். அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஈரம் சுரப்பது குறையும். கதிர் பட்ட பிறப்புறுப்பு வறண்டு, இறுகி, சுருங்கும். ஆசனவாயையும் சேர்த்து எடுத்தவர்களுக்குப் பின்னால் தாங்க மலக்குடல் இல்லாததால் பிறப்புறுப்பு பின்னோக்கிச் சாயும். அதனால் பழைய நிலையில் உறவு வலிக்கும். பின்சுவரையும் எடுக்க நேர்ந்தவர்களுக்கு ஆழம் குறைந்திருக்கும். கதிர்வீச்சு சினைப்பையை நிறுத்திவிட்டால் 35 வயதிலும் மாதவிலக்கு நின்று, உடம்பு திகுதிகுவென்று எரியும், தூக்கம் கெடும். இத்தனையும் நடந்துகொண்டிருக்க, "எனக்கு இஷ்டமில்லாம போயிடுச்சு போல" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் அக்காக்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இஷ்டம் எங்கேயும் போகவில்லை. வலிக்கும் என்று தெரிந்த இடத்துக்கு உடம்பு எப்படி ஆசையோடு போகும்?

உறவின்போது நீர் சார்ந்த வழுவழுப்பு ஜெல்லியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் ஆணுறையின் ரப்பரை அரித்துவிடும், சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. அன்றாட வறட்சிக்கு வாரம் இரண்டு மூன்று முறை போடும் ஈரப்பதக் களிம்பு வேறு. அதிலும் தீராவிட்டால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பற்றிக் கேளுங்கள். மலக்குடல் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயைப்போல ஹார்மோனால் வளர்வது இல்லை. அதனால் பெரும்பாலோருக்கு அது தடை இல்லை. சீக்கிரம் மாதவிலக்கு நின்றவர்கள் எலும்புக்காகவும் ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும்.

கதிர்வீச்சு முடிந்து புண் ஆறிய சில வாரங்களில் டைலேட்டர் தொடங்கச் சொல்லலாம். வழுவழுப்பான உருளை அது, சிறியதில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியதுக்குப் போகும். ஜெல்லி தடவி, வாரத்தில் சில நாள், சில நிமிடம். பிறப்புறுப்பின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இது. உறவில் ஈடுபடாதவர்களுக்கும் பயன் உண்டு, பின்னாளில் மருத்துவர் பரிசோதிக்கும்போது வலி குறையும். கணவர் இல்லாதவர்களிடமும், வயதானவர்களிடமும் இதை யாரும் சொல்வதே இல்லை.

நிலையை மாற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் படுத்தபடியோ, மனைவி மேலே இருந்தோ உறவு கொண்டால் ஆழமும் வேகமும் உங்கள் கையில் இருக்கும். வலித்தால் நிறுத்துங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். உறவுக்குப் பின் மூத்திரம் போய்விடுங்கள், கிருமி தொற்றுவது குறையும். ரத்தம் வந்தாலும், பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வந்தாலும் உடனே சொல்லுங்கள். குடலுக்கும் அதற்கும் இடையில் துளை விழுந்திருக்கலாம்.

வயிற்றில் பையோடு

முதலில் பையைக் காலி செய்து, ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பருத்தித் துணியில் ஒரு உறை தைத்துப் போடலாம், அல்லது இடுப்பில் அகலத் துணி சுற்றலாம். பை உரசுவதால் ஸ்டோமாவுக்கு அடிபடாது. ஆனால் ஸ்டோமாவின் துவாரத்துக்குள் எதையும் விடக் கூடாது. குடலைத் திரும்பச் சேர்த்தவர்களுக்கு நாளுக்குப் பத்து முறை மலம் போகும் அவஸ்தை இருக்கும். அவர்கள் வயிறு அடங்கியிருக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு அந்த நேரத்தில் சேர்ந்திருங்கள். அது பகலாகக்கூட இருக்கலாம்.

துணையிடம் பேசுவது எல்லாவற்றையும்விடக் கடினம், தெரியும். கணவர் விலகிப் படுத்தால் மனைவி, "பையைப் பார்த்து அருவருப்போ" என்று நினைக்கிறாள். அவரோ, "தொட்டால் வலிக்குமோ" என்று பயந்து விலகியிருப்பார். ஒரு வருடம் இப்படியே ஓடிப்போனவர்களைத் தெரியும். முதல் சில வாரம் முழு உறவு கிடையாது என்று இருவரும் பேசி முடிவு செய்துவிட்டு, பக்கத்தில் படுப்பதையும் தொடுவதையும் மட்டும் தொடங்கிப் பாருங்கள். தோற்றுவிடுவோம் என்ற பயம் இல்லாதபோதுதான் உடம்பும் தளரும்.

யாரிடம், எப்படிச் சொல்வது?

மூத்திரத்துக்கும் விறைப்புக்கும் யூராலஜி, பெண்களுக்கு மகளிர் மருத்துவர், பைக்கு ஸ்டோமா நர்ஸ். ஆனால் முதலில் உங்கள் சர்ஜனின் ஓபியிலேயே சொல்லுங்கள். அங்கிருந்து சீட்டு எழுதி அனுப்புவார்கள். அங்கே கூட்டம் இருக்கும், கதவு திறந்திருக்கும், பக்கத்தில் மகனோ மருமகளோ நிற்பார்கள். அதனால் வீட்டிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி, பழைய ரிப்போர்ட்டுகளின் மேல் வைத்து நீட்டுங்கள். இப்படி எழுதினால் போதும்: "ஆபரேஷன் ஆகி 4 மாதம். மூத்திரம் முழுதாகப் போவதில்லை, அளவு நோட்டில் இருக்கிறது. தாம்பத்தியத்திலும் சிரமம். இதைத் தனியாகப் பேச வேண்டும்."